கடல் கடந்து கல்லூரிக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியான மறுநாள், தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் இருக்கும் மாணவன் தன் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் ஒரு பையில் இட்டுக்கொண்டு, காலையில் பஸ் ஏறி, ஜில்லாத் தலைநகரிலுள்ள கல்லூரியில் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம். வந்த பிறகு ஏதோ ஒரு தாள் குறைகிறதென்று தெரிந்தால், மறுநாள் மீண்டும் பஸ் ஏறலாம். அதே தினத்தில் பெரிய நிக்கோபார்த் தீவின் காம்ப்பெல் பேயில் இருக்கும் ஒரு மாணவிக்கு, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் உண்டு என்ற கேள்விக்கு முன்னாலேயே வேறு கேள்விகள் வந்து நிற்கின்றன: போர்ட் பிளேயருக்கு அடுத்த கப்பல் என்று புறப்படும், அதில் இடம் கிடைக்குமா, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்ட அந்நாட்களில் கடல் வழிவிடுமா? இரண்டு ஊர்களுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது. போர்ட் பிளேயரை அடைந்த பிறகும் சென்னை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம். கப்பலில் சுமார் மூன்று நாள். ஒரு தாள் குறைந்தால் அந்தப் பெண்ணுக்குப் பல சமயங்களில் ஒரு வருஷமே போய்விடுகிறது.

ஏழை மாணவர்களை உயர்கல்விக்குத் தயார் செய்வதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், பணத்தைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியுமே பேசிப் பழகிவிட்டோம். இரண்டும் அத்தியாவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிலைமையைச் சற்று நின்று கவனிப்பவர்களுக்கு, புத்தியும் உழைப்பும் இருந்தும், அரசாங்கத்தின் உதவித் திட்டங்கள் காகிதத்தில் இருந்தும், வழி தெரிந்த ஒருவர் உரிய காலத்தில் பக்கத்தில் இல்லாத ஒரே காரணத்தால் தடைப்பட்டுப்போகிற படிப்புகள் உண்டு என்பது விளங்கும். அந்த ஒருவரை எப்படி உண்டாக்குவது, எப்போது அவர் வர வேண்டும், எதுவரை கூட இருக்க வேண்டும் என்பவற்றையே இங்கே ஆராய விரும்புகிறேன்.

தீவுகளின் மக்களைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே வசித்தவர்கள் 3,80,581 பேர். எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 86-க்கு மேல். அகில இந்தியச் சராசரியோ அப்போது 73-தான். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர். வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்தபடியான மூன்றாவது பெருங்கூட்டம் நம்மவர்களே. கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் மீன் பிடிக்கவும் சென்றவர்கள், பர்மாவிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறியவர்கள், 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டவர்கள் என்று, தமிழர்களின் புலம்பெயர்ந்த சரித்திரத்தின் பல அத்தியாயங்கள் அந்தச் சின்னஞ்சிறு நிலங்களில் ஒன்றாக வாழ்கின்றன. பெற்றோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகிறார்கள். கல்லூரியில் அவர்களுக்காகக் காத்திருப்பது ஆங்கிலம்.

மேலே சொன்ன எழுத்தறிவுக் கணக்கே காட்டுவதுபோல, பள்ளிக்கூடம் வரையில் தீவுகள் பின்தங்கியவை அல்ல. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டப்படி நடக்கும் சர்க்கார்ப் பள்ளிகள் தீவு தோறும் உள்ளன. மத்திய அந்தமானின் பஞ்சவடியிலும் கார் நிக்கோபாரிலும் ஜவாஹர் நவோதயா வித்தியாலயங்கள், கிராமத்துப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து படிக்கவைக்கின்றன. கல்லூரிகளும் முன்போல் அரிதாக இல்லை. 1967-இல் போர்ட் பிளேயரில் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்தியாலயம்தான் நெடுங்காலம் தீவுகளின் ஒரே கலைக் கல்லூரியாக இருந்தது. 1990-இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி வந்தது. பிற்பாடு சட்டக் கல்லூரியும், 2015-இல் 100 இடங்களுடன் ஒரு மருத்துவக் கல்லூரியும் தோன்றின. தாகூர் பெயரால் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும், அம்பேத்கர் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை தெற்கு அந்தமானிலேயே இருப்பதால், திக்லிபூரிலிருந்து வருகிறவன் 300 கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சாலையில் வர வேண்டும்; வழியில் ஜாரவா பழங்குடியினரின் வனத்தைக் குறித்த நேரத்தில் வாகன அணியோடுதான் கடக்க முடியும். நிக்கோபார்க்காரனுக்கோ சாலையே கிடையாது. விரும்பிய பாடம் தீவில் இல்லாவிட்டால் எல்லோருக்கும் கதி பெருநிலம்தான்.

இனி, தயாரிப்பு எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். பரீட்சை முடிவு வந்த பிறகு விசாரிக்கத் தொடங்கும் மாணவன், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பல கதவுகள் சாத்தப்பட்ட பின்னரே வந்து தட்டுகிறான் என்பதை நம் கிராமத்துப் பெற்றோர்களில் பலர் இன்னும் அறியவில்லை. பொறியியலுக்கான கூட்டு நுழைவுத் தேர்வின் முதல் சுற்று ஜனவரியில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடும். மருத்துவத்துக்கான நீட் தேர்வுக்கும், 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக நடக்கும் பொது நுழைவுத் தேர்வுக்கும், பள்ளி இறுதித் தேர்வு முடிவதற்கு முன்னாலேயே விண்ணப்பித்தாக வேண்டும். இத்தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம் என்பது நல்ல செய்தி. எந்த மொழியில் எழுதுவது என்பதை விண்ணப்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும், பின்னர் மாற்ற இயலாது என்பது பலர் அறியாத செய்தி. தேர்வு மையம் பொதுவாகப் போர்ட் பிளேயரில் இருப்பதால், வெளித்தீவுப் பிள்ளை தேர்வு நாளைக் கப்பல் அட்டவணையோடு சேர்த்துப் பார்த்து, சில தினங்கள் முன்னதாகவே தலைநகரில் தங்க இடம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், வாழ்க்கையை நிர்ணயிக்கும் தீர்மானம் ஒன்று பத்தாம் வகுப்பின் முடிவில், பதினைந்து வயதில், பெரும்பாலும் அரை மணி நேரத்தில் எடுக்கப்பட்டுவிடுவதைக் காணலாம். பதினோராம் வகுப்பில் கணிதம் எடுப்பதா வேண்டாமா என்பதே அது. சிறு தீவின் பள்ளியில் எல்லாப் பிரிவுகளும் இருந்துவிடுவதில்லை. இருக்கிற பிரிவில், சிநேகிதர்கள் சேர்கிற பிரிவில், பிள்ளை சேர்ந்துவிடுகிறது. கடலையே முற்றமாகக் கொண்டு வளர்ந்த ஒரு மீனவனின் மகனுக்கு, கப்பல் அதிகாரியாகும் படிப்பைவிடப் பொருத்தமானது எது? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அப்படிப்பை நடத்துகிறது. ஆனால் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் படித்து, மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 60 வாங்கியிருந்தால்தான் கப்பல் தளத்து அதிகாரிக்கான படிப்பில் சேரலாம்; ஆங்கிலத்திலும் நூற்றுக்கு 50 வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதத்துக்கு அஞ்சி அதை விட்டுவிட்ட பையனுக்கு, கணிதத்தோடு இந்தக் கதவும் அடைபட்டதென்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியவருகிறது. அஞ்ச வேண்டாம் என்று சொல்லவும், அஞ்சாமல் இருக்கும்படி மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஒருவர் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பிலேயே வந்தால் இன்னும் நலம். 2008-ஆம் ஆண்டு முதல் மத்திய சர்க்கார் நடத்திவரும் தேசிய வருவாய் வழித் திறன் உபகாரச் சம்பளம், எட்டாம் வகுப்பில் எழுதப்படும் ஒரு தேர்வின் மூலம் கிடைப்பது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குட்பட்டு, அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் படிப்பவர்களாக இருந்தால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேரும். தொகை சிறிதுதான். ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டில், பதினான்கு வயதுப் பெண்ணின் பெயரில் சர்க்கார் பணம் வருவதென்பது, அவளை மேலே படிக்கவைப்பதா என்று வீட்டார் பேசும் போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று பேசும் சாட்சி.

சான்றிதழ்கள் விஷயத்தில் தீவுகளின் நிலைமை தமிழ்நாட்டு வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடியது. அந்தமான் நிக்கோபாரில் பட்டியல் சாதியென்று எந்தச் சாதியும் அறிவிக்கப்படவில்லை. நிக்கோபாரிகளும் ஷோம்பென்களும் ஓங்கிகளும் ஜாரவாக்களும் உள்ளிட்ட தீவின் ஆதிகுடிகளே பழங்குடிகள். 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்டு, தீவுகளின் சாலைகளையும் மரத் தொழிலையும் தம் தோளால் உருவாக்கித்தந்த 'ராஞ்சி' மக்கள், சொந்த மண்ணில் பழங்குடியினராக இருந்தும், இங்கே அப்படி அங்கீகாரம் பெறவில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் பாந்துக்கள், மாப்பிள்ளைமார், கரேன்கள், 1942-க்கு முன் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்ந்தவர்கள் ஆகியோரே இடம்பெற்றார்கள். ஆக, கச்சால் தோட்டத்திலோ போர்ட் பிளேயரின் கட்டட வேலையிலோ உழைக்கும் ஒரு தமிழ்க் கூலியின் மகள், திருநெல்வேலியில் பிறந்திருந்தால் அவளுக்குப் பிறப்புரிமையாகக் கிடைத்திருக்கும் சலுகையைத் தீவில் கோர முடிவதில்லை. பாட்டனாரின் ஊரில் போய்ச் சான்று தேடலாமென்றால், அவர் எந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்டார் என்பதைக் காட்டும் தாள் வேண்டும். இலங்கை வழியாகவும் பர்மா வழியாகவும் வந்த குடும்பங்களில் அத்தகைய தாள்கள் அரிது. இருந்தவற்றிலும் பல, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியோடு போயின.

இத்தகைய குடும்பங்களுக்குத் திறந்திருக்கும் ஒரு வழி, 2019-இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவிகித ஒதுக்கீடு. வேறெந்த ஒதுக்கீட்டிலும் வராதவர்கள், ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குக் குறைவாக இருந்து, சொத்து வரம்புகளுக்கும் உட்பட்டிருந்தால், அதற்குரிய சான்றைப் பெறலாம். ஆனால் அந்தச் சான்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கப்பட வேண்டியது. சென்ற வருஷத்துத் தாள் இந்த வருஷம் செல்லாது. இத்துடன், தீவுவாசி என்பதை நிரூபிக்கும் அடையாள அட்டையும் உள்ளூர்ச் சான்றிதழும் வேண்டும். முன்னது இருந்தால் கப்பல் கட்டணத்தில் சலுகை. பின்னது இருந்தால் தீவு நிர்வாகம் உள்ளூர் மாணவர்களுக்கென வைத்திருக்கும் இடங்களுக்கு உரிமை. இவ்வளவையும் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதத்தில், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையே அலைந்து வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பதினோராம் வகுப்பின் முதல் பருவத்தில், பள்ளியிலேயே ஒரு நாளைக் குறித்து, ஒவ்வொரு மாணவரின் தாள்களையும் வரிசையாகப் பார்த்துக் குறையுள்ளவற்றை எழுதிக்கொடுத்துவிட்டால், பாதிப் பாரம் அன்றே இறங்கிவிடும்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெயரை. இது அற்பமாகத் தோன்றலாம்; அனுபவசாலிகள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பனார் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. முருகனின் மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவேட்டில் அவள் வெறும் செல்வி. ஆதார் அட்டையில் செல்வி எம்.; வங்கிப் புத்தகத்தில் எம். செல்வி. கணினியில் விண்ணப்பத்தை நிரப்பிய கடைக்காரர், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்கவில்லை என்பதற்காக அதில் முருகன் என்று அடித்துவிட்டார், ஆகவே விண்ணப்பத்தில் அவள் செல்வி முருகன். நான்கும் ஒரே பெண் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. உபகாரச் சம்பளம் அனுமதியான பிறகும் கணக்கில் ஏறாமல் நிற்பதற்கும், கலந்தாய்வு மேஜையில் 'இது நீதானா?' என்று கேட்கப்பட்டுக் கண்கலங்கி நிற்பதற்கும் இவ்வளவே போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்த எழுத்துக்கூட்டல் ஏறுகிறதோ அதுவே வாழ்நாள் முழுவதும் பிரமாணம் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் வாரியத்துக்குப் பெயர் அனுப்பப்படும் சமயத்தில், ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அப்போதே திருத்திவிட வேண்டும். ஓர் உபாத்தியாயர் ஒரு பிற்பகலில் ஒரு வகுப்பு முழுமைக்கும் செய்து முடிக்கக்கூடிய உபகாரம் இது.

மொழியின் கஷ்டம் இதைவிட நுட்பமானது, தீர நாளாவது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்பது நன்றாகத் தெரியும். இலையில் நடக்கும் அந்தக் காரியத்தை அழகாகப் படம் போட்டும் விளக்கும். கல்லூரியில் பேராசிரியர் அதையே 'ஃபோட்டோசிந்தஸிஸ்' என்று சொல்லிச் செல்லும்போது, தனக்குத் தெரிந்த விஷயமே பேசப்படுகிறது என்பதை அறியாமல், தனக்கு ஒன்றுமே தெரியாதென்று அது எண்ணிவிடுகிறது. அறிவு இருந்தும் மனோதைரியம் போய்விடுவதைவிடக் கொடியது எது? இதற்குப் பெரிய வகுப்புகள் வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பு தொடங்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு பத்தியாகக் கோடிட்டு, அன்றைய பாடத்தில் வந்த பதங்களை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வாரம் ஒரு பக்கம் அந்தப் பதங்களைக் கொண்டே சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால், இரண்டு ஆண்டில் அந்தப் பிள்ளை பேராசிரியரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும். எழுதியதைத் திருத்திக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் சங்கடம். வெளித்தீவுப் பள்ளிகளில் உபாத்தியாயர்கள் மாறுதல் பெற்றுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கேதான் கடலுக்கடியில் போடப்பட்ட ஒரு கம்பி பெரிய சந்தர்ப்பத்தை அளித்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட, ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைக் கேபிள், சென்னையைப் போர்ட் பிளேயரோடும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான், சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத் ஆகியவற்றோடும் இணைக்கிறது. அதற்கு முன் விண்கோள் வழியாக வந்த இணையம், மழை பெய்தால் நின்றும் மேகம் விலகினால் தொடர்ந்தும், ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கவே பிள்ளைகளை இரவில் கண்விழிக்கவைத்த காலம் ஒன்றிருந்தது. கப்பல் அட்டவணையும் கல்லூரி அறிவிப்பும் அரசாங்கத்தின் 'தி டெய்லி டெலிகிராம்ஸ்' பத்திரிகையில் வெளியாகி, அந்தப் பத்திரிகையே கப்பலேறி வெளித்தீவுக்கு வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடுவதும் உண்டு. இன்று மதுரையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கமோர்ட்டாவிலுள்ள மாணவியின் ஆங்கிலப் பக்கத்தை வாரம் ஒருமுறை திரையில் திருத்திக்கொடுக்க முடியும். ஆயினும் கேபிள் பாடத்தைத்தான் கொண்டுவரும். தாலுகா அலுவலகத்து வரிசையில் கூட வந்து நிற்காது. இரண்டும் வேண்டும்.

வழி தெரிந்த ஒருவர் என்று நான் சொல்வது புதிய கற்பனையன்று; நிக்கோபாரின் சரித்திரத்திலேயே அதற்கு மகத்தான உதாரணம் இருக்கிறது, அந்த ஒருவர் தமிழராகவும் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் சர்க்காரின் ஏஜெண்டாகவும் கிறிஸ்தவ போதகராகவும் உபாத்தியாயராகவும் ஒருங்கே பணிபுரிந்தவர் வேதப்பன் சாலமோன். எழுத்து வழக்கே இல்லாதிருந்த அந்தத் தீவில், பாஷை தெரியாத இடத்தில், சிறுவர்களைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். தீவில் தாம் கற்பிக்கக்கூடியது ஓர் எல்லை வரைதான் என்பதை உணர்ந்து, தேர்ந்த சிறுவர்கள் கடல் கடந்து பர்மாவுக்குச் சென்று படிக்க வழிகோலினார். அப்படி மாண்டலேயில் மிஷன் பள்ளியில் படித்துவிட்டுத் தீவுக்கே உபாத்தியாயராகத் திரும்பி வந்தவர் ஜான் ரிச்சர்ட்ஸன். வேதாகமத்தை நிக்கோபாரிய மொழிக்குக் கொண்டுவந்ததில் முதன்மையானவர் அவர். ஜப்பானிய ஆதிக்கக் காலத்தின் கொடுமைகளைத் தம் மக்களோடு தாங்கியவர். நிக்கோபாரின் முதல் பிஷப். 1952-இல் முதலாவது லோக்சபையில் அந்தமான் நிக்கோபாரின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர். 1965-இல் பத்மஸ்ரீயும் 1975-இல் பத்மபூஷணும் பெற்றவர். ஒரு சிறுவனின் கையைப் பிடித்து ஒருவர் கப்பலேற்றியதன் பயன், ஒரு சமூகம் முழுமைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. சாலமோனின் பெயரைத் தமிழ்நாட்டில் அறிந்தவர் சிலரே என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நிக்கோபாரிகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கலாகாது. அவர்களிடையே 'துஹேத்' என்னும் கூட்டுக் குடும்பமே வாழ்க்கையின் அஸ்திவாரம். தென்னந்தோப்பும் பன்றிகளும் அதற்குப் பொதுச் சொத்து. முக்கியமான தீர்மானங்கள் மூத்தவர்களின் சம்மதத்தோடு நடப்பவை. ஒரு பெண் நர்ஸிங் படிக்க விரும்பினால், தாய் தகப்பனாரிடம் மாத்திரம் பேசிவிட்டு வருவது அரைக் காரியம். துஹேத்தின் பெரியவரிடம் அமர்ந்து, எத்தனை வருஷம், எங்கே தங்குவாள், எப்போது திரும்பி வருவாள் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சம்மதம் கிடைத்துவிட்டால், பின்னர் அவளுக்கு வரும் கஷ்டங்களில் ஒரு பெரிய குடும்பமே தாங்கி நிற்கும்.

மாணவர்களுக்கு வழிகாட்டும் இந்தக் காரியத்தை மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு வறுமை ஒழிப்புச் சட்டத்தின் விளைவாகப் பிறந்த 'அப்வர்டு பவுண்டு' என்னும் திட்டம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகவிருக்கும் ஏழை மாணவர்களை உயர்நிலைப் பள்ளியிலேயே தேர்ந்தெடுத்து, வருஷம் முழுவதும் பாடத்தில் துணை செய்வதோடு, கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஒரு கல்லூரியிலேயே தங்கவைத்துப் படிக்கச் செய்கிறது. கல்லூரி என்ற இடம் தனக்கு அந்நியமானதன்று என்ற எண்ணம் பதினாறு வயதிலேயே மனத்தில் ஊறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மேற்படிப்பு வழிகாட்டுதலைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'புதுமைப் பெண்' திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நடிகர் சூர்யா நிறுவிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' என்ற பெயரில் முதல் தலைமுறை மாணவர்களைக் கல்லூரியில் சேர்ப்பதோடு நில்லாமல், படிப்பு முடியும் வரை கூடவே இருந்து வருகிறது. இவற்றுள் நான் மிகவும் மதிப்பது, கூடவே இருப்பது என்ற அந்தக் கடைசி அம்சத்தைத்தான்.

தீவுகளுக்கு ஏற்றபடி இதைச் செய்ய, புதுக் கட்டடங்கள் தேவையில்லை. நீண்ட விடுமுறையில், வெளித்தீவுகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களை மூன்று வாரம் போர்ட் பிளேயருக்கு அழைத்து, விடுமுறையில் காலியாகக் கிடக்கும் விடுதிகளில் தங்கவைத்து, கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் உட்காரவைத்து, அதே தீவுகளிலிருந்து முன்னால் வந்து படித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார், அக்காமாரைக் கொண்டு பாடமும் விண்ணப்பமும் சொல்லிக்கொடுத்தால் போதும். உபாத்தியாயர் பத்து முறை சொல்வதைவிட, 'நானும் ஹட் பேயிலிருந்துதான் வந்தேன், முதல் மூன்று மாசம் எனக்கும் ஒன்றும் புரியவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது' என்று ஓர் அக்கா சொல்வது ஆழமாகப் போய்ச் சேரும். வந்த சமயத்தில் தேர்வு மையத்தையும், சான்றிதழ் தரும் அலுவலகத்தையும், வங்கியையும் நேரில் பார்த்துவிடுவார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் முதல் இருபது சதவிகிதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குட்பட்டவர்களுக்கு, மத்திய சர்க்கார் பட்டப்படிப்பின்போது ஆண்டுக்கு 12,000 ரூபாய் உபகாரச் சம்பளம் தருகிறது. 2024 நவம்பரில் அனுமதி பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் தேர்ந்த கல்வி நிலையங்களில் இடம் பெற்றவர்கள் ஜாமீனின்றிக் கடன் பெறலாம். வருமானம் எட்டு லட்சத்துக்குட்பட்டால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் மூன்று சதவிகிதம் குறையும். கடன் என்ற பேச்சை எடுத்தாலே அஞ்சும் பெற்றோரை நான் குறை கூறமாட்டேன். தோட்டத்துக் கங்காணிக்குப் பட்ட கடனுக்காகத் தலைமுறைகளாய் உழைத்தவர்களின் சந்ததிக்கு அந்த அச்சம் வருவது இயற்கை. படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை, எண்களைத் தாளில் எழுதிக் காட்டி, அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவது நம்மிடையே பரவலாக உள்ள பிழை. தீவிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வந்து சேர்ந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதமே அபாயமான காலம். அது வரை ரயிலைப் பார்த்திராத பிள்ளை அது. தீவுகளில் ரயில் கிடையாது. மற்ற மாணவர்கள் வெள்ளிக்கிழமை மாலையில் ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை திரும்புகிறார்கள். தீவுப் பிள்ளையோ ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு ஒருமுறை வீடு பார்த்தால் பெரிது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதிச் சமையற்கூடத்தை மூடிவிட்டு, எல்லோரும் ஊருக்குச் செல்லுங்கள் என்று அறிவிப்பு ஒட்டப்படும்போது, ஐந்து நாள் விடுமுறையில் அந்தமானுக்குக் கப்பலில் போய்த் திரும்ப இயலாது. விமானச் சீட்டோ பண்டிகைக் காலத்தில் அதன் குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட விடுமுறை ஒன்றில் தனியாக உட்கார்ந்து, இந்தப் படிப்பு நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்துகொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் இங்கே இருக்கிறது, அதற்கு எந்தச் சட்டத்துக்கும் நிதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கல்லூரியின் விடுதிக் காப்பாளரை அக்டோபர் முதல் வாரத்துக்குள் சந்தித்து, அந்தமானிலிருந்தோ நிக்கோபாரிலிருந்தோ வந்தவர்கள் யாரேனும் உண்டா என்று கேட்டு, அவர்களுடைய பெற்றோருடன் தொலைபேசியில் பேசிச் சம்மதம் பெற்று, கல்லூரியின் எழுத்துமூலமான அனுமதியுடன், பண்டிகை நாட்களில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு அவர்களுக்கும் இலை போடுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால், வீட்டுத் தாய்மார் நேரில் சென்று அழைத்து வருவது முறை. புத்தாடை வாங்கித்தர இயலாவிட்டாலும் பாதகமில்லை. அடுத்த பருவத் தேர்வில் எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டு, அந்தப் பாடம் தெரிந்த ஒருவரை அறிமுகம் செய்துவைத்துவிட்டு அனுப்புங்கள்.